மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

சென்ற மே மாதம் ஒரு மாலை, கல்லூரி மாணவி ஒருவர் மூடி போட்ட வாளியுடன் என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தார். உள்ளே வெளிர்நிற ஆக்சலாட்டல் ஒன்று (நான்கு கால்களும் வெளியே நீட்டிய செவுள்களும் கொண்டு நீரிலேயே வாழும் பிராணி); செவுள்களில் பஞ்சு ஒட்டியதுபோலப் பூஞ்சை. தண்ணீரும் பச்சை. வளர்ப்பு மீன் கடையில் ‘பூஞ்சைக்கு இதை ஊற்றுங்கள்’ என்று கொடுத்தார்களாம்: மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாய மருந்து. வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 30 டிகிரி.

பூஞ்சை வித்துகள் எல்லாத் தொட்டிகளிலும் உண்டு. உடல் தளர்ந்த பிராணியிடம்தான் அவை வேர்விடும். இதைத் தளரச் செய்தது வெயில். மெக்சிகோ நகரத்தின் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் சோச்சிமில்கோ நீர்நிலைகள்தான் இதன் பிறப்பிடம். 16 முதல் 18 டிகிரி வரை இதற்குச் சுகம்; 20 வரை தாங்கும்; 24-ஐத் தாண்டினால் ஆபத்து. சென்னையில் மின்விசிறியை மட்டும் நம்பி இதை வளர்க்க முடியாது. தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி வாங்க வசதி இல்லையென்றால் தயவுசெய்து ஆக்சலாட்டலை வாங்காதீர்கள்.

இன்னொன்று: இது மீனன்று, தவளைக்கு உறவான உயிர். செதில் கிடையாது. தண்ணீரில் கரைந்ததையெல்லாம் தோல் உறிஞ்சிக்கொள்ளும். மீனுக்கென்று அளவிட்ட மருந்து இதற்கு நஞ்சாகலாம். செம்பு கலந்த மருந்துகளை அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

செவுள்கள் முன்பக்கமாக வளைவது, வால்நுனி சுருள்வது, இரையை மறுப்பது. இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர், தொட்டி வாங்கிய மறுநாளே பிராணியை விட்டவர்கள். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பிராணி தன் கழிவிலேயே வெந்துகொண்டிருக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய சிறந்த சிகிச்சை மிக எளியது. சோப்பு படாத பிளாஸ்டிக் தொட்டியில், குளோரின் நீக்கிய குளிர்ந்த நீரில் தனியே விடுங்கள். மூடியில் துளைகள் இருக்கட்டும். தினமும் தண்ணீர் முழுவதையும், அதே வெப்பநிலையுள்ள புதுத் தண்ணீரால் மாற்றுங்கள். வெப்பம் மிகுந்திருந்தால் உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலை மிதக்கவிட்டு மெல்ல இறக்குங்கள். ஐஸ் கட்டிகளைக் கொட்டாதீர்கள். வலையால் பிடித்தால் அதன் விரலும் செவுளும் சிக்கும். கிண்ணத்தால் மொண்டு எடுங்கள். பூஞ்சை லேசாக இருந்தால் காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலையைக் கழுவிப் போடலாம். அதன் துவர்ப்புச் சத்து பூஞ்சையை ஓரளவு தடுக்கும். பூச்சிமருந்து அடித்த மரமாக இருக்கக் கூடாது.

பூஞ்சைக்கு உப்புக் குளியல் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. தனிப் பாத்திரத்தில், லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி, பத்து நிமிடம், அவ்வளவுதான். அதற்குமேல் போனால் தோலின் வழவழப்பும் செவுளும் கெடும். நம் கடைகளில் கல் உப்பிலும் அயோடின் கலந்து வருகிறது. உறையைப் படித்து, கலக்காததை வாங்குங்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. நோயுற்ற பிராணியைப் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைக்கும் முறையை வீட்டில் நீங்களாக முயலாதீர்கள். திடீர்க் குளிர் தளர்ந்த உயிரைத் தாக்கும்.

கால் துண்டானால் பதறாதீர்கள். தண்ணீர் சுத்தமாக, குளிர்ச்சியாக இருந்தால் புதிய கால் முளைத்துவிடும். கூழாங்கல் விழுங்கியிருக்கலாம் என்று தோன்றினால் மட்டும் காத்திருக்காதீர்கள். வாயில் கொள்ளும் எதையும் தண்ணீரோடு இழுத்துக்கொள்ளும் பிராணி இது. குடல் அடைபட்டால் வீட்டு வைத்தியம் உதவாது. வயிறு வீங்கினாலும், தோலில் ரத்தச் சிவப்பு படர்ந்தாலும், கீழே இறங்க முடியாமல் மிதந்துகொண்டே இருந்தாலும் அன்றே கிளம்புங்கள்.

அந்த மாணவியின் ஆக்சலாட்டல் ஒன்பது நாள் தனித்தொட்டியில் இருந்து, பத்தாம் நாள் ஒரு மண்புழுவைத் தின்றது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அவரிடம் நான் சொல்லியனுப்பியதையே உங்களுக்கும் சொல்கிறேன்: மருத்துவரிடம் வரும்போது பிராணியை ஒரு பாத்திரத்திலும், தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் தனித்தனியே கொண்டுவாருங்கள். முதலில் நாங்கள் சோதிப்பது அந்தப் பாட்டிலைத்தான்.