ஸ்ட்ரெஸ்: அழுத்தமா, இறுக்கமா, உளைச்சலா?

பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர், படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனித்துக்கொண்டே வேலைக்கும் போகிறவர் என்று எல்லார் வாயிலும் வருவது "ஒரே ஸ்ட்ரெஸ்." எழுதும்போது இதை மன அழுத்தம் என்கிறோம். அதே நாளிதழில் இன்னொரு பக்கத்தில் டிப்ரஷனுக்கும் மன அழுத்தம் என்றே போட்டிருப்பார்கள். முன்னது அன்றாட வாழ்க்கையின் நெருக்கடி, பின்னது மருத்துவம் தேவைப்படும் நோய். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ஸ்ட்ரிங்கெரே என்றால் இழுத்துக் கட்டுதல், இறுக்குதல். அதிலிருந்து வந்த ஒரு சொல் பழைய பிரெஞ்சில் குறுகலையும் நெருக்குதலையும் குறித்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. "ரொம்ப ஸ்ட்ரிக்ட்டான வாத்தியார்" என்கிறோமே, அந்த ஸ்ட்ரிக்ட்டும் இதே வேரில் பிறந்ததுதான். பொறியியலில் இது ஒரு பொருளுக்குள் எழும் விசையைக் குறித்தது. பள்ளி இயற்பியல் பாடத்தில் ஸ்ட்ரெஸ்ஸைத் தகைவு என்றும், அதனால் பொருளின் வடிவில் வரும் மாற்றமான ஸ்ட்ரெய்னைத் திரிபு என்றும் படித்திருப்போம்.

இந்தச் சொல் உடம்புக்கு வந்ததில் பெரும்பங்கு ஹான்ஸ் செலியே என்பவருக்கு உண்டு. 1907இல் வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வு செய்தவர். எலிகளுக்கு வெவ்வேறு சுரப்பிச் சாறுகளை ஊசியில் ஏற்றிப் பார்த்தார். எதை ஏற்றினாலும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி பெருத்தது, நெஞ்சுக்கூட்டில் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. கடுங்குளிரில் வைத்தாலும் ஓயாமல் ஓடவிட்டாலும் அதேதான். தொல்லை எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்று 1936இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்த எதிர்வினைக்குத்தான் பின்னர் ஸ்ட்ரெஸ் என்ற பெயர் நிலைத்தது. தனக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாகக் கைவரவில்லை, ஸ்ட்ரெய்ன் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே பின்னாளில் சொன்னார். நம் பாடநூல் கணக்கில் பார்த்தால், தகைவு என்று பெயர் வைத்தது திரிபுக்கு!

சரி, தமிழில் என்ன சொல்வது? பேச்சில் ஏற்கெனவே இருப்பவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது உளைச்சல். நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்த இரவில் என் பாட்டி, "காலெல்லாம் உளையுது, கொஞ்சம் அமுக்கி விடு" என்பார். வயிற்றுக் கடுப்புக்கு வயிற்றுளைச்சல் என்ற பெயரும் உண்டு. உடம்பின் குடைச்சலைச் சொல்லும் வார்த்தைதான் மன உளைச்சல் ஆயிருக்கிறது. துன்பத்தைக் குறிக்கும் இடுக்கண் என்ற பழஞ்சொல்லையும் இடுங்கு, கண் என்று பிரித்து, கண்ணைச் சுருங்கச் செய்வது என்று விளக்குவார்கள். நெஞ்சு பாரமும் இப்படிப்பட்டதுதான். மனம் படும் பாடு உடம்பில்தான் முதலில் தெரியும் என்று இந்தச் சொற்களை உண்டாக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பின்கழுத்து விறைப்பது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, காரணமில்லாமல் வயிறு கலங்குவது எல்லாம் அப்படித்தானே வருகின்றன?

ஆனால் உளைச்சல் என்பது வேதனை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது வருகிற ஸ்ட்ரெஸ்ஸில் வேதனை இருக்க வேண்டும் என்பதில்லை, மகிழ்ச்சிகூட இருக்கலாம். வேரைப் பார்த்தால் ஸ்ட்ரெஸ்ஸுக்கு நேரான தமிழ் இறுக்கம். இறுகியது தளரும் என்ற நம்பிக்கையும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒரு சிக்கல், ஆட்டிசத்தையும் மன இறுக்கம் என்று எழுதும் வழக்கம் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோரை நாம் குழப்பக் கூடாது.

அழுத்தத்தின் கதை வேறு. டிப்ரஷனின் லத்தீன் வேருக்குத்தான் கீழே அமுக்குதல் என்று பொருள். ஆக, வேரை வைத்துப் பார்த்தால் மன அழுத்தம் பொருந்துவது டிப்ரஷனுக்கு! ஊர்ப் பேச்சிலோ அழுத்தக்காரி என்றால் மனதில் உள்ளதை வெளியே சொல்லாதவள். இருந்தாலும் ஸ்ட்ரெஸ்ஸுக்கு மன அழுத்தம் என்பது இன்று ஊன்றிவிட்டது. வேருக்காக வழக்கைப் பிடுங்க வேண்டாம். ஸ்ட்ரெஸ்ஸுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வோம். டிப்ரஷனை மனச்சோர்வு என்போம். வெறும் களைப்பு என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்றால் மனச்சோர்வு நோய் என்று சேர்த்தே எழுதலாம்.

டென்ஷன் தனி. தமிழில் அது பாதி நேரம் கோபத்தையும் மீதி நேரம் பதற்றத்தையும் குறிக்கிறது. அந்த இரண்டு சொற்களே போதும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேர்வு முடிந்ததும் விடுகிற அழுத்தத்துக்கு ஓய்வும் தூக்கமும் ஒரு நடையும், மனம்விட்டுப் பேச ஓர் ஆளும் பெரும்பாலும் போதும். மனச்சோர்வு நோய் அப்படியில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கவிந்தோ எதிலும் நாட்டமில்லாமலோ கிடந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. அந்த நிலையில் இருப்பவரிடம் போய் "எல்லாருக்கும்தான் மன அழுத்தம் இருக்கு, கொஞ்சம் ஃப்ரீயா விடு" என்றால், சொல் ஒன்றாக இருப்பதாலேயே நோய் மறைந்துபோகிறது. அப்படி யாராவது உங்களிடம் மன அழுத்தம் என்று சொன்னால், எத்தனை நாளாக, தூக்கம் வருகிறதா, சாப்பிட முடிகிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணிலும் பேச ஆள் இருக்கிறார்கள்.