ஓட்டோலித்: செவிக்கல்லா, செவித்துகளா?

உட்செவியில் சமநிலையை உணர உதவும் ஓட்டோலித்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லைப் பிரித்தாலே பொருள் கிடைத்துவிடும். கிரேக்கத்தில் ‘ஓட்டோஸ்’ காதையும் ‘லித்தோஸ்’ கல்லையும் குறிக்கும். ஆக, செவிக்கல். செவிப்பறை, செவிமடல் ஆகியவற்றோடு இதுவும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் யாருடைய காதுக்கு இது பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

மீனுக்கு அப்படியே பொருந்தும். கத்தாழை மீனின் தலையைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டவர்களுக்குப் பல்லில் ஒரு வெள்ளைக் கல் கடிபட்டிருக்கும். அது அந்த மீனின் செவிக்கல். மீன்வள ஆய்வாளர்கள் இதை அறுத்துத் தேய்த்து, உள்ளிருக்கும் வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கணிக்கிறார்கள்.

பாலூட்டிகளின் காதில் இப்படி ஒற்றைக் கல் கிடையாது. நமக்கும் மாட்டுக்கும் எலிக்கும் உட்செவியில் யூட்ரிக்கிள், சாக்கியூல் என்று இரண்டு பைகள் உண்டு. (இரண்டு பெயருக்கும் லத்தீனில் ‘சிறு பை’ என்பதே பொருள். பெயர் வைத்தவர்கள் ரொம்ப மெனக்கெடவில்லை!) ஒவ்வொரு பையிலும் மயிர்ச்செல்கள் நிறைந்த ஒரு திட்டு இருக்கிறது. அதை ஒரு கூழ்ப்படலம் மூடியிருக்கும். அல்வாமேல் கசகசா தூவியதுபோல அந்தப் படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் படிந்திருக்கும். பெரும்பாலும் 30 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை. அளவில் சிறியவை என்றாலும், சுற்றியுள்ள திரவத்தைவிடச் சுமார் 2.7 மடங்கு அடர்த்தி கொண்டவை. அதனால் தலை சாய்ந்தால் படலத்தையும் இழுத்துக்கொண்டு சரியும். அடியிலுள்ள மயிர்கள் வளையும். மூளைக்குச் செய்தி போகும். பஸ் திடீரென்று பிரேக் போடுவதை யூட்ரிக்கிளும் லிஃப்ட் மேலே ஏறுவதைச் சாக்கியூலும் முக்கியமாக உணர்கின்றன.

இந்தப் படிகங்களுக்கென்றே ஓட்டோகோனியா என்று தனிப்பெயர் இருக்கிறது. ‘கோனியா’ என்றால் தூசி. தமிழில் செவித்துகள் எனலாம். செவித்தூசி என்றால் அழுக்கு என்றும், செவிப்பொடி என்றால் மருந்துப் பொடி என்றும் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

பாலூட்டிகளைப் பற்றி எழுதும்போதும் ‘கல்’ என்றே சொன்னால் என்ன? நோயாளியிடம் பேசும்போது அதன் சிக்கல் தெரியும். உடம்பில் கல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிறுநீரகக் கல்லும் பித்தப்பைக் கல்லும்தான். இருக்கக்கூடாத ஒன்று வந்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வரும். செவித்துகளோ இருந்தே ஆக வேண்டியது. அது இடம் மாறினால்தான் தொல்லை.

அந்தத் தொல்லையையும் சொல்லிவிடலாம். தலை சுழல்வதை உணர்வது உட்செவியிலேயே உள்ள மூன்று அரைவட்டக் குழல்களின் வேலை. அவற்றில் துகள் இருக்கக்கூடாது. யூட்ரிக்கிளிலிருந்து கழன்ற துகள்கள், பெரும்பாலும் தாழ்வாக அமைந்த பின்குழலுக்குள் போய்விடுகின்றன. அப்புறம் படுக்கையில் புரண்டாலோ அண்ணாந்து பார்த்தாலோ அவை குழலுக்குள் உருண்டு திரவத்தை அசைக்கும். சுற்றாத தலை சுற்றுவதாக மூளை நம்பிவிடும். இந்தக் கிறுகிறுப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இதற்குப் பொதுவாக அறுவை தேவைப்படுவதில்லை. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் வெளியிட்ட முறைப்படி, தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பித் துகள்களை யூட்ரிக்கிளுக்கே திரும்ப விழவைக்கிறார்கள். துகள்கள் குழலுக்குள் புகுந்துவிடும் இந்தக் கோளாறுக்கு மருத்துவர்கள் வைத்த கேனலித்தியாசிஸ் என்ற பெயரிலும் ‘லித்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் குழல்துகள் என்றாலே விஷயம் விளங்கிவிடும்.

இன்னொரு சொல்லும் உண்டு: ஸ்டேட்டோலித். இறால், நண்டு போன்றவற்றின் சமநிலை உறுப்பில் இருப்பது. முன்பு அந்த உறுப்பையும் காது என்றே நினைத்து, உள்ளிருப்பதை ஓட்டோலித் என்று அழைத்தார்கள். இறால் தோலுரிக்கும்போது இந்த உறுப்பின் உட்புறமும் உரிந்துவிடும், பிறகு புதிதாக மணல் நிரப்பிக்கொள்ளும். 1893-இல் வியன்னாவைச் சேர்ந்த அலாய்ஸ் கிரைடல் மணலுக்குப் பதில் இரும்புத்தூளைக் கொடுத்தார். இறால் அதை நிரப்பிக்கொண்டது. மேலே காந்தத்தைப் பிடித்ததும் தலைகீழாகப் புரண்டது. கேட்பதற்கான உறுப்பு அல்ல, மேல்கீழ் அறிவதற்கானது என்பது இப்படித் தெளிவானது. ‘ஸ்டேட்டோஸ்’ என்றால் நிற்பது, நிலைத்தது. ஆகவே இறாலுக்கு நிலைக்கல், மீனுக்குச் செவிக்கல், நமக்குச் செவித்துகள்.