கியர்பாக்ஸை ஏற்றியாயிற்று, வண்டி ஏன் நகரவில்லை?

அமெரிக்காவில் வீட்டுக் கராஜிலேயே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கையில் அடிக்கடி சிக்குவது ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ. 1993 முதல் செவ்ரோலே பிக்கப்களில் லட்சக்கணக்கில் வந்த நான்கு கியர் பெட்டி அது. ஏற்றி முடித்து எஞ்சினைக் கிளப்பினால் வண்டி முன்னும் போகாது, பின்னும் போகாது. உடனே பெட்டியின் உள்ளே ஏதோ போய்விட்டது என்று தோன்றும். இறக்கும்வரை ஒழுங்காக ஓடிய பெட்டி என்றால், கோளாறு பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். அந்த இடங்களைப் பார்த்து முடிக்காமல் மறுபடி இறக்குவது வீண் வேலை.

இந்தப் பெட்டியில் எல்லாமே ஆயில் அழுத்தத்தால் நடக்கிறது. கிளட்ச்சைப் பிடிப்பதும் விடுவதும் அழுத்தம்தான். அதை உண்டாக்கும் பம்ப் பெட்டியின் முகப்பில் இருக்கிறது. அதைச் சுழற்றுவது டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் பாகம்) கழுத்து. கன்வெர்ட்டரோ எஞ்சினோடு போல்ட் போடப்பட்டிருக்கிறது. ஆக, எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் சுற்றும். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாததும் இதனால்தான்.

கன்வெர்ட்டர் உள்ளே உட்காரும்போது மூன்று இடங்களில் கோக்க வேண்டும்: இன்புட் ஷாஃப்ட்டின் பற்கள், ஸ்டேட்டரைத் தாங்கும் குழலின் பற்கள், கடைசியாகப் பம்ப்பின் ரோட்டர். மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் ஒவ்வொன்றும் 'டொக்'கென்று விழும். இரண்டு விழுந்ததும் உட்கார்ந்துவிட்டது போலவே தெரியும், ஏமாறுவது இங்கேதான். மூன்றாவது விழாமல் பெட்டியைத் தூக்கினால் பெல்ஹவுசிங், அதாவது பெட்டியின் முன்பக்கக் கூடு, எஞ்சினோடு முகம் ஒட்டாமல் நிற்கும். அந்த இடைவெளியை போல்ட்டை இறுக்கி இழுத்தால் கன்வெர்ட்டரின் கழுத்து ரோட்டரை நசுக்கும், ரோட்டர் விரிசல் விடும், பம்ப் போச்சு. பெல்ஹவுசிங் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். போல்ட் அதைப் பிடித்து வைக்கத்தான், இழுக்க அல்ல.

சரியாக உட்கார்ந்ததா என்பதற்குச் சோதனை எளிது. பெல்ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையில் தாராளமாகச் சுற்ற வேண்டும்; ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் (எஞ்சினோடு சுழலும் தகடு) அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த அளவு முன்னால் இழுத்து மூன்று போல்ட்டுகளைப் போடுவது முறை. இடைவெளியே இல்லையென்றால் அதோடு நிறுத்தி, பெட்டியைப் பின்னால் நகர்த்தி மறுபடி கோக்கவும். எஞ்சின் பின்முகத்தில் பெட்டியை மையம் விலகாமல் நிறுத்தும் இரண்டு டவல் பின்களும் இடத்தில் இருக்கின்றனவா என்றும் அப்போதே பாருங்கள். அவை இல்லாவிட்டால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் மையம் விலகி, பம்ப் புஷ் தேய்ந்து, முன் சீல் ஒழுகி, ஒருநாள் ஃபிளெக்ஸ்பிளேட்டும் விரிசல் விடும்.

அடுத்தது ஆயில். பெட்டியின் அடியிலுள்ள ஆயில் தட்டை, அதாவது பேனை மட்டும் கழற்றினால் சுமார் 4.7 லிட்டர் பிடிக்கும். கன்வெர்ட்டரும் காலியாக இருந்தால் மொத்தம் 10.5 லிட்டர் வரை போகும். பலர் பேன் அளவை ஊற்றிவிட்டு முடிந்ததாக நினைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அந்த ஆயிலைக் கன்வெர்ட்டருக்கு அனுப்பிவிட, பேன் வறண்டு பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. 'ஙொய்ங்' என்ற சத்தம், கியர் போட்டதும் இரண்டு மூன்று விநாடித் தயக்கம், நுரை எல்லாம் இதன் அடையாளம். கன்வெர்ட்டரை மாட்டும் முன் அதில் ஒரு லிட்டர், பெட்டியில் ஏறத்தாழ ஐந்து லிட்டர், ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் ஓட ஓடவே மீதி. கடைசி அளவை எஞ்சின் சூடாக, பார்க்கில், ஐடிலில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் நுரைதான். டெக்ஸ்ரான் 6 இதற்குப் பொருந்தும்.

அளவு சரி, ஆனாலும் சத்தமும் தயக்கமும் போகவில்லையா? ஃபில்டரின் கழுத்திலுள்ள சீலைச் சந்தேகியுங்கள். பழைய சீல் துளையிலேயே தங்க, அதன் மேல் புதியதைத் திணித்தால் ஃபில்டர் சரியாக உட்காராது, காற்று புகும்.

இனி அழுத்தத்தை அளக்கலாம். பெட்டியின் இடப்பக்கம் கேஜ் மாட்ட ஒரு துளை உண்டு. 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ் போதும். ஐடிலில் 50-க்கு மேல் காட்டினால் பம்ப் வேலை செய்கிறது. பூஜ்யம் என்றால் பம்ப் சுற்றவில்லை, அல்லது ஆயிலை இழுக்கவில்லை.

அழுத்தம் இருந்தும் நகராவிட்டால் கியர் கேபிளைப் பாருங்கள். பெட்டி பக்கத்து நெம்புகோலிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, நெம்புகோலைக் கையாலேயே நகர்த்துங்கள். ஒரு கோடியில் பார்க். அங்கிருந்து ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வொரு சொடுக்காக வரும். வண்டிக்குள் டிரைவர் பிடிக்கும் லீவரும் அதே இடத்தைக் காட்ட வேண்டும். நான்கு சக்கர டிரைவ் வண்டியில் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடப்பதுதான்.

வண்டி நகர்கிறது, ஆனால் கனமாகக் கிளம்புகிறது, கியர் மாறவே இல்லை என்றால் கதை வேறு, அது மின்சாரம். இந்தப் பெட்டியில் கியரை மாற்ற இரண்டு ஷிஃப்ட் சோலினாய்டுகள் (மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள்): இரண்டும் ஆன் என்றால் முதல் கியர், இரண்டும் ஆஃப் என்றால் மூன்றாவது. வலப்பக்க வட்டக் கனெக்டர் சரியாகப் பூட்டவில்லையென்றால் இரண்டும் ஆஃப். டிரைவில் போட்டதும் மூன்றாவதிலேயே கிளம்பும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டுக்கும் மின்சாரம் போகாததால் அழுத்தம் உச்சத்துக்குப் போய், கியர் விழும்போது உதைக்கும். ஸ்கேனரில் பி0753, பி0758, பி0748 என்ற பிழைக் குறியீடுகள் மூன்றும் சேர்ந்து வந்தால் சோலினாய்டுகளை வாங்கப் போகாதீர்கள். ஒரே நாளில் மூன்றும் கெடாது. கனெக்டரைக் கழற்றி, வளைந்த பின் இருக்கிறதா பார்த்து, 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். பெல்ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே வயர் நசுங்கியிருந்தாலும் இதே கூத்துதான். ஸ்பீடோமீட்டரும் செத்துக் கிடந்தால், வேக சென்சாரின் வயரை மாட்ட மறந்திருக்கலாம்.

4எல்60-இ-க்கு முந்தைய 700ஆர்4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் அழுத்தத்தை நிர்ணயிப்பது கார்ப்புரேட்டரிலிருந்து வரும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள். அதைச் சரிப்படுத்தாமல் தெருவில் ஒரு சுற்று போய் வந்தால்கூட, அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கி எரியத் தொடங்கிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், முதல் கியரும் மூன்றாவதும் கிடைத்து, இரண்டாவதும் நான்காவதும் ரிவர்ஸும் மட்டும் இல்லையென்றால், அது ஏற்றியதில் நேர்ந்த தவறல்ல. உள்ளே கியர்களைப் பிணைக்கும் கிண்ணம் போன்ற சன் ஷெல்லின் பற்கள் மழுங்கிவிட்டன. இந்தப் பெட்டிக்கே பேர்போன வியாதி. அப்போதுதான் மறுபடி இறக்க வேண்டும்.