டோக்ஃபைட்: வான்சமர், விண்சமர்

போர் விமானங்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வளைந்து திரும்பி ஒன்றையொன்று சுடும் சண்டைக்கு ஆங்கிலத்தில் டோக்ஃபைட் என்று பெயர். முன்பு எந்தக் கைகலப்புக்கும் வழங்கிய சொல் அது. முதலாம் உலகப் போரில்தான் விமானங்களோடு ஒட்டிக்கொண்டது. 1915இல், சுழலும் விசிறியின் இடைவெளியால் சுடும் இயந்திரத் துப்பாக்கி போருக்கு வந்தது. அதன்பின் விமானத்தின் மூக்கு பார்க்கும் பக்கந்தான் சன்னமும் போகும் என்றாயிற்று. எதிரியின் வாலுக்குப் பின்னால் போய் நின்றவன் கை ஓங்கியது. இரண்டு பேரும் மற்றவனின் வாலைப் பிடிக்கச் சுற்றினால், பார்ப்பவனுக்கு நாய்களின் நினைப்பு வராமலா போகும்?

அதற்காகத் தமிழில் 'நாய்ச்சண்டை' என்று எழுதினால் வாசிப்பவர் மனம் ஒழுங்கைக்குப் போய்விடும். 'வான்தாக்குதல்' என்பதும் பிழை. வானிலிருந்து நிலத்தைத் தாக்குவதைத்தான் பத்திரிகைகள் அப்படி எழுதுகின்றன. யாழ்ப்பாணத்தார் 'பொம்மர்' என்று சொன்னதும் அதைச் செய்யும் விமானத்தையே. சமர் என்றால் இரு தரப்பும் நேருக்கு நேர் பொருதவேண்டும். 'கடற்சமர்' எமக்குப் பழகிய சொல், அந்த வரிசையில் 'வான்சமர்' தானாகவே பொருந்தும். சமர் வடசொல் என்று தள்ளுபவர்கள் குறளில் (814) உள்ள 'அமர்' கொண்டு 'வானமர்' எனலாம். ஆனால் உட்காரும் பொருள் குறுக்கிடும் என்பதால் அது எங்கள் தெரிவல்ல.

சண்டை விண்வெளியில் என்றால் 'விண்சமர்'. சினிமாவில் இதற்கு உருக்கொடுத்தது 1977இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்'. விண்கலக் காட்சிகள் முடியுமுன்னரே இயக்குநர் ஜோர்ஜ் லூகாஸ் பழைய போர்ப் படங்களின் விமானச் சண்டைத் துண்டுகளை வெட்டி ஒட்டி, தொகுப்பில் அந்த இடங்களை நிரப்பி வைத்தார். எந்தக் கலம் எந்த மூலையால் நுழைந்து எவ்வளவு நேரத்தில் மறையவேண்டும் என்று சிறப்புக்காட்சிக் குழு பார்த்தது அந்தத் துண்டுகளைத்தான்.

ஜோன் டைக்ஸ்ட்ரா தலைமையிலான அந்தக் குழு கலத்தின் மாதிரியுருவை, பின்னர் நீக்கிவிடும் பின்னணியான நீலத்திரைக்கு முன் நிறுத்தி, கமராவைத் தண்டவாளத்தில் ஓட்டியது. ஓட்டம் மின்னணுப் பதிவில் இருந்ததால் அதே அசைவைத் திரும்பத் திரும்ப எடுக்க முடிந்தது: ஒரு முறை கலத்துக்கு, இன்னொரு முறை எஞ்சின் ஒளிக்கு. மாதிரியுருவைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி நிறுத்திப் படமெடுத்தால் ஒவ்வொன்றும் கூர்மையாக விழுந்து, ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். இங்கே கமராவின் ஒளிமூடி (ஷட்டர்) திறந்திருக்கையிலேயே கமரா நகர்ந்ததால், உண்மை விமானப் படத்தில் வரும் மங்கல் இதிலும் வந்தது. நீலத் திரையின் முன் நீலநிறம் மறைந்துபோகும் என்பதால்தான் கலங்களின் கோடுகள் சிவப்பாயின.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'ஸ்டார் வோர்ஸ்' முடிவில் எதிரியின் விண்நிலையத்து அகழிக்குள் பறந்து போகும் கட்டத்தையும் டோக்ஃபைட் என்கிறார்கள். துரத்தல் பகுதி மட்டுமே சமர். அடிப்படையில் அது தாழப் பறந்து குண்டெறிதல், அது வந்ததும் வேறொரு போர்ப் படத்திலிருந்து. 1955இல் வெளியான 'த டாம் பஸ்டர்ஸ்' படம், 1943 மே மாதம் பிரித்தானிய விமானங்கள் ஜேர்மன் அணைகளை உடைத்ததைக் காட்டுவது. நீரின்மேல் தத்திச் செல்லும் குண்டை 60 அடி உயரத்தில் விடவேண்டும். உயரம் சரிதானா என்று அறிய, கீழ்நோக்கிய இரண்டு விளக்கொளிகள் நீரில் ஒன்றுசேர்கின்றனவா என்று பார்த்தார்கள். எதிரே எத்தனை பீரங்கி இருக்கும் என்று விமானிகள் பேசிக்கொள்ளும் இடம் இரு படத்திலும் ஏறக்குறைய ஒன்றே. அந்தப் பழைய படத்தின் சிறப்புக்காட்சிகளை ஒளிப்பதிவு செய்த கில்பேர்ட் ரெய்லரே ஸ்டார் வோர்ஸின் ஒளிப்பதிவாளரும்.

போர்ப் படத்திலிருந்து எடுத்ததோடு அதன் காற்றும் கூட வந்துவிட்டது. விமானம் திரும்புவதற்குச் சரிவது, இறக்கையின் தூக்குவிசையைப் பக்கவாட்டுக்குத் திருப்புவதற்காக. காற்றில்லாத வெளியில் சரிந்து பலனில்லை. வேகமும் திசையும் மாறாமலே மூக்கை மட்டும் பின்னால் திருப்பிச் சுடலாம், 'பாபிலன் 5' தொடரின் கலங்கள் அப்படிச் செய்யும். ஆகவே தமிழில் உபதலைப்பு எழுதுபவர் 'விண்சமர்' என்று போட்டபின், 'வாலைப் பிடித்துவிட்டான்' என்பதை அப்படியே விடலாம். 'இறக்கையைச் சரி' என்று வந்தால் 'திரும்பு' என்பதே போதும்.