ஏற்றிய ஆய்வு தேடினால் கிடைக்குமா?

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக நீர்ப்பங்கீடு பற்றி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் உள்ள கிளிநொச்சி அறிவியல்நகரில் ஓர் ஆய்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வருகிறது. கிளிநொச்சி விவசாயப் போதனாசிரியர் அதைத் திறக்கப்போனால் டொலரில் காசு கேட்கும். அந்தப் பூட்டைச் சட்டப்படி திறக்கும் வழிதான் பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியம்: ஆய்வுகளை எவரும் இலவசமாகப் படிக்க ஏற்றிவைக்கும் இணையத்தளம். ஆய்வாளர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

பலர் சறுக்குவது எந்தப் பிரதியை ஏற்றுவது என்பதில்தான். பதிப்பகம் பக்கம் அமைத்து வெளியிட்ட பிடிஎப்பைப் பெரும்பாலும் ஏற்றக்கூடாது. மதிப்பாய்வாளர் கேட்ட திருத்தங்களெல்லாம் செய்து, இதழ் ஏற்றுக்கொண்ட உங்கள் சொந்த வேர்ட் கோப்புக்குப் பல இதழ்கள் இடம் தருகின்றன. பிரித்தானியாவின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஓப்பன் பொலிசி ஃபைண்டர் இணையத்தளத்தில் (முன்பு ஷெர்பா ரோமியோ) இதழின் பெயரைக் கொடுத்தால் விதி தெரியும். 12 அல்லது 24 மாதம் பொறுக்கச் சொன்னாலும் கோப்பை இப்போதே நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். களஞ்சியத்தை இயக்கும் டிஸ்பேஸ் மென்பொருளில் திறக்கும் திகதியைக் குறித்துவிட்டால் தலைப்பும் சுருக்கமும் உடனே தெரியும், கோப்பு அந்தத் திகதியில் தானாகத் திறக்கும். இரண்டு வருசம் கழித்துக் கேட்டால் மடிகணினி மாறியிருக்கும், கோப்பு ஒருவரிடமும் இராது.

தமிழ் ஆய்வேடுகளின் வில்லங்கம் வேறு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பிடிஎப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கோ 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். கூகுளில் யார் தேடினாலும் அகப்படாது. கணினி தமிழாகவே படிக்கும் ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றும்போது முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றியில் போடாதீர்கள்: இடையிலுள்ள ஆங்கிலமும் தாவரவியல் பெயர்களும் தமிழெழுத்துக் குப்பையாகிவிடும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் தலைப்பு, சுருக்கம், திறவுச்சொற்கள் மூன்றையுமாவது களஞ்சியத்தின் விவரப் புலங்களில் ஒருங்குறியில் இடுங்கள். ஸ்கான் செய்த பழைய ஏடுகள் வெறும் படங்கள். அவற்றை, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரிக்குள் (ஓசிஆர்) விட்டெடுத்து, 5 எம்பிக்குள் அடக்குவது நல்லது. அதற்கு மேற்பட்ட கோப்பை, ஆய்வுகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரின் வழிகாட்டல் ஏற்பதில்லை.

வவுனியாவுக்கு இன்னொன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஆகஸ்டில். அதற்கு முந்திய கட்டுரைகளில் அச்சான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகவரியை மாற்ற வேண்டாம். புதிய பெயரைத் தனிப் புலத்தில் சேர்த்தால் இரண்டு வழியாலும் கிடைக்கும். முதலெழுத்து முன்னும் பின்னுமாக மாறும் எங்கள் பெயர்களுக்கு ஆய்வாளரை அடையாளங்காட்டும் ஓர்கிட் இலக்கத்தைக் கட்டாயம் சேருங்கள்.

ஏற்றிய பின் பிடிஎப்பின் நடுப்பக்கத்தில் ஒரு தமிழ் வரியைப் பிரதியெடுத்து நோட்பாடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழாவிட்டால் கோப்பைத் திருப்பி எடுங்கள்.