டர்பன் வெயிலில் நம் நிழல் உரிமை: டிமாஸ் விதியும் வார்டு கூட்டமும்

டர்பன் வெயிலின் கொடுமை வெறும் டிகிரிக் கணக்கில் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் கடலோர ஊர், காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்பு ஆறாது. தார் ரோடும் சிமெண்ட் முற்றமும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் விட்டுக்கொண்டே இருக்கும். மரம் இதற்கு இரண்டு வழியில் உதவுகிறது. இலை வழியே நீராவியை விட்டுச் சுற்றுக் காற்றைக் குளிர்விக்கிறது, நிழல் தந்து தரை சூடேறாமல் காக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில் நிழல்தான் பெரிய உதவி. தைப்பூசத்தன்று வெறுங்காலோடு காவடி எடுத்து நடந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். நிழல் விழுந்த தாரில் கால் வைக்க முடியும், வெயில் விழுந்த தாரில் முடியாது.

டர்பனில் நம் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் நிழலை நினைத்துக் கட்டிய ஊர்கள் அல்ல. 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் பழைய இடங்களை விட்டு விரட்டப்பட்ட குடும்பங்களை, மேட்டைச் செதுக்கி, ஒட்டி ஒட்டி வீடு கட்டிக் குடிவைத்தார்கள். மரத்துக்கு யார் இடம் விட்டார்கள்? 2020இல் வெளியான ஓர் ஆய்வு தென்னாப்பிரிக்க நகரங்களை அளந்து பார்த்தது. மற்ற இனத்தார் வாழும் பகுதிகளைவிட வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில் மரப் பரப்பு சுமார் 12 சதவீதம் கூடுதல். பொதுப் பூங்காவும் மற்றவர்களுக்கு இருப்பதைவிட அவர்களுக்கு 700 மீட்டர் கிட்டத்தில். அதனால், நம் தெருவில் மரம் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

சரி, இருக்கிற பச்சையைக் காக்க என்ன விதி இருக்கிறது? டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியில் அதற்கு டிமாஸ் என்று பெயர். ஆற்றோரம், பள்ளத்தாக்குக் காடு, புல்வெளி, சதுப்பு நிலம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தொடர்பு அறாமல் சேர்த்து வரைந்த திறந்தவெளி வரைபடம் அது. 1980களில் தொடங்கிய யோசனை. 2010இல் நகரமைப்பு விதிகளுக்குள்ளேயே வந்துவிட்டது. பலர் கவனிக்காத விஷயம், இது அரசு நிலத்துக்கு மட்டும் இல்லை. உங்கள் சொந்த மனையின் பின்பாதி ஓடைப் பக்கம் சரிந்து இறங்கினால், அந்தப் பகுதி டிமாஸுக்குள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அப்படி இருந்தால் நிலம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பட்டா உங்களுடையதுதான், வெளியாள் உள்ளே நுழையவும் இதனால் உரிமை வராது. ஆனால் அங்கே கட்டடம் எழுப்ப, மண் கொட்டி மேடாக்க, புதரை வழிக்க, முதலில் மாநகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவு சம்மதிக்க வேண்டும். வாடகைக்கு விடப் பின்புறம் ஓர் அறை போடுவது நம்மிடையே சகஜம். பிளான் வரைபவருக்குப் பணம் கொடுத்த பிறகு டிமாஸ் கோடு தெரியவந்தால் அந்தப் பணம் வீண். மனை எண்ணைச் சொல்லி நகரமைப்பு அலுவலகத்தில் கேட்கலாம், மாநகராட்சியின் இணைய வரைபடத்திலும் பார்க்கலாம். மனை வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே பார்ப்பது நல்லது.

இடிந்த செங்கல்லையும் தோட்டக் குப்பையையும் பின்பக்கப் பள்ளத்தில் தள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. கீழ்த்தெருவுக்குக் குளிர்ந்த காற்று வரும் வழி அது. மழை வெள்ளம் வடியும் வழியும் அதுவே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நேட்டால் மாகாணம் 400க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது.

மரம் வெட்டுவதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, இயற்கைக் காட்டில் நிற்கும் நாட்டு மரத்தையும், பாதுகாக்கப்பட்டது என்று அறிவித்த மரத்தையும் உரிமம் இல்லாமல் வெட்டக் கூடாது. சதுப்பு நிலக் கண்டல் மரங்கள் இந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவே நிற்கும் மரம் மாநகராட்சியுடையது. இலை கொட்டுகிறது என்று நீங்களே சாய்த்துவிட முடியாது, கிளை கழிக்க விண்ணப்பம்தான் போட வேண்டும்.

ஆனால் எல்லாப் பச்சையையும் சட்டம் காப்பதில்லை. உண்ணிச்செடி ஆக்கிரமிப்புத் தாவரம். உங்கள் நிலத்தில் இருந்தால் கட்டுப்படுத்துவது உங்கள் கடமை. நம்மவர் சிலர் அம்மன் பூசைக்கு வேப்பிலையாகப் பறிக்கும் சிரிங்கா, அதாவது மலைவேம்பு, அதுவும் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. நகர்ப்புறத்தில் ஏற்கெனவே நிற்கும் மரத்தை விட்டுவைக்கலாம். புதிதாக நடவோ விற்கவோ கூடாது, ஆற்றோரத்தில் நின்றால் அகற்றவே வேண்டும். புதிதாக நட உம்டோனி நல்ல தேர்வு. நம் நாவலுக்கு நெருங்கிய சொந்தம், இந்த மண்ணின் மரம், ஈர நிலத்தில் செழிக்கும், பழமும் தின்னலாம்.

இனி கேட்கும் உரிமை. அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் கேடு செய்யாத சுற்றுச்சூழலை எல்லாருக்கும் உறுதி செய்கிறது. 2024இல் வந்த காலநிலை மாற்றச் சட்டம், மாநகராட்சிகள் தங்கள் ஊரின் ஆபத்துகளை மதிப்பிட்டுத் திட்டம் போட வேண்டும் என்கிறது. அதன் பிரிவுகள் எல்லாம் ஒரே நாளில் அமலாகவில்லை, 2025 மார்ச்சில் ஒரு பகுதி வந்தது. அதனால் இன்றைக்கே பலன் தரும் வழி வேறு: மாநகராட்சியின் வளர்ச்சித் திட்டமும் பட்ஜெட்டும்.

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதற்குக் குறைந்தது 90 நாள் முன்பு, அதாவது மார்ச் முடிவதற்குள், வரைவு பட்ஜெட்டை மன்றத்தில் வைத்தாக வேண்டும். பிறகு மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். ஜூன் மாதம் போய்க் கேட்டால் காரியம் முடிந்திருக்கும். கவுன்சிலர் தலைமையில் பத்துப் பேர் வரை இருக்கும் வார்டு கமிட்டியில் முன்கூட்டியே பேசி, கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.

'எங்கள் பகுதியில் மரம் நடுங்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். கிளினிக் வாசலில் காலை வரிசை நிற்கும் இடம், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் காத்திருக்கும் சுவரோரம், டாக்ஸி நிற்கும் முனை என்று இடத்தைக் குறிப்பிட்டுப் படமும் சேர்த்து எழுதுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்றும் சொல்லுங்கள், எந்த மரம் என்பது அதைப் பொறுத்தது. அப்புறம், கன்றுக்கு முதல் சில வருடம் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். கோயில் குழுவோ பள்ளியோ பொறுப்பேற்றால் கோரிக்கைக்கு வலு கூடும்.

பதிலே வரவில்லையா? 2000ஆம் ஆண்டில் இயற்றிய தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. உங்கள் வார்டில் மரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எங்கே நட்டார்கள் என்று மாநகராட்சியின் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள்; 30 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்ப நகலையும் கொடுத்த தேதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டுக்கு அவை வேண்டும்.