காசம் இல்லாத காசநோய்

காசம் வடசொல், பொருள், இருமல். காசநோய் என்றால் இருமல் நோய். இந்தப் பெயரால் ஒரு கெடுதலும் உண்டு: இருமாதவருக்கு இந்த நோய் வராது என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

குமரி மாவட்டத்தில் க்ஷயம் என்ற சொல்லும் புழங்குகிறது. 1956 வரை திருவிதாங்கூரோடும் மலையாளத்தோடும் சேர்ந்து வாழ்ந்த மண் அல்லவா! க்ஷயம் என்றால் தேய்வு. தமிழில் இதற்கு நேரான சொல் எலும்புருக்கி நோய்; ஏட்டு வழக்கில் என்புருக்கி. இளைப்பு நோய் என்றும் சொல்வதுண்டு, ஆனால் இளைப்பு மூச்சிரைப்பையும் குறிப்பதால் குழப்பம் வரும்.

இதன் ஆங்கிலப் பெயரான டியூபர்குலோசிஸுக்கு மூலம் லத்தீன். சிறு புடைப்பு என்று பொருள். 1882-இல் ராபர்ட் கோக் கண்டறிந்து சொன்ன கிருமியைச் சுற்றி, நம் எதிர்ப்பணுக்கள் திரண்டு கட்டும் முடிச்சுதான் அந்தப் புடைப்பு. அந்தச் சிறைக்குள் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோயாக மாறுகிறது.

எதிர்ப்பாற்றல் குன்றினால் கணக்கு மாறிவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், மூட்டுவாதத்துக்கு நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் எல்லோருக்கும் ஆபத்து கூடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு, மூன்று மடங்கு. எச்.ஐ.வி. முற்றியவரின் உடலால் அந்த முடிச்சைச் சரியாகக் கட்டவே முடியாது. நுரையீரலில் குழி விழுவது குறைவு; இருமலே இல்லாமலும் போகலாம். சளியை உருப்பெருக்கியில் பார்த்தாலும் கிருமி சிக்காமல் போகலாம். எக்ஸ்ரேகூடச் சுத்தமாகத் தெரியலாம். ஆனால் மாலையானால் காய்ச்சல் காயும், இரவில் வியர்வை படுக்கையை நனைக்கும், போன மாதம் தைத்த சட்டை தோளில் தொளதொளக்கும். கழுத்தோரம் தடவினால் வலியில்லாத கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கையில் தட்டுப்படும். அதற்குப் பழைய தமிழ் மருத்துவம் கண்டமாலை என்று பெயர் வைத்திருந்தது. எவ்வளவு கூர்ந்த பார்வை!

எனவே எழுதும்போது காசநோய் என்றே இருக்கட்டும், அது வேரூன்றிவிட்டது. எதிர்ப்பாற்றல் குறைந்தவரிடம் பேசும்போது எலும்புருக்கி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உருகுவதைக் கவனிக்க அது அவருக்குக் கற்றுத்தரும். எச்.ஐ.வி. உள்ளவரிடம் ஒவ்வொரு முறையும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் கேட்க வேண்டும். ஒன்று இருந்தாலே பரிசோதனை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி.